மணலில் எழுதிய விரல்

முன்னொரு காலத்தில் கொன்றையூர் நாட்டை மகிழ்மாறன் என்ற ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்பதைவிட நடந்தார் என்பதே சரி. அரியணையில் சேர்ந்தாற்போல அரை நாழிகை உட்காரமாட்டார். பாடசாலைப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வயிற்றுப்போக்கில் சுருண்டு, அங்கே படித்த இளவரசனும் படுத்துவிட்ட பிறகு கேட்கவே வேண்டாம். சபையில் எல்லோருக்கும் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தே கழுத்து வலித்தது.

"இந்த நோயைக் கொண்டுவந்தவன் எவன்?"

"வாத்தியார் எல்லப்பன்தான், மகாராஜா. அவர் ஜாதகம் அப்படி," என்றார் அரண்மனை வைத்தியர் கமலாபதி. வாத்தியார் வேலையின் மேல் அவர் மருமகனுக்கு ஒரு கண்.

"எவனாக இருந்தாலும் பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டட்டும்," என்று நடந்துகொண்டே ஆணையிட்டார் ராஜா.

வாத்தியார் வீட்டில் அழுதுகொண்டே மூட்டை கட்டினார்கள். மந்திரி உலகம்மைக்கு மனசு பொறுக்கவில்லை. "மதியம் பாடசாலைக்கு வாருங்கள், மகாராஜா. ஆளைக் கையோடு காட்டுகிறேன்," என்றாள்.

அங்கே பிள்ளைகள் செம்மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் பிரம்பு நுனியால் திருத்தினார்.

"அரசர் கையெழுத்தைப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை," என்றாள் உலகம்மை. ராஜா உடனே குனிந்து தம் பெயரை எழுதினார். "என் எழுத்து இன்னும் முத்து முத்தாக இருக்கும்," என்று கமலாபதியும் எழுதினார். அதற்குள் மணி அடித்தது. வழக்கம்போல இலையில் அவல் வந்தது. எல்லோரும் அப்படியே தின்றார்கள்.

உலகம்மை சுண்ணாம்புத் தண்ணீரை எடுத்து எல்லோர் கையிலும், இலையில் மிஞ்சிய அவலிலும் தெளித்தாள். பிள்ளைகள் கை சிவந்தது. வைத்தியர் கை சிவந்தது. ராஜாவின் கையும், அவர் இலையில் மிஞ்சிய அவலும் சிவந்தன. வாத்தியார் கை மட்டும் அப்படியே இருந்தது.

"காலையில் மணலில் மஞ்சள் கலந்தேன், மகாராஜா. சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறது. மஞ்சள் போன வழியில்தான் நோயும் போகிறது. கொல்லைக்குப் போய்விட்டுக் கழுவாமல் வந்த கையும் இதே மணலில்தான் எழுதுகிறது. அதைத் தொட்ட விரல் அப்படியே அவலுக்குப் போகிறது."

கமலாபதி கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ராஜா தம் கையையே பார்த்தார். "அப்படியானால் எல்லையைத் தாண்ட வேண்டியவன் நானா?"

"அவ்வளவு தூரம் வேண்டாம், மகாராஜா. சாப்பிடுமுன் கிணற்றடி வரை போனால் போதும்."

ராஜா சிரித்துவிட்டார். தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குக் கொடுத்தார். வாத்தியார் வீட்டு மூட்டையை அவிழ்க்கச் சொல்லி ஆள் அனுப்பினார். தினமும் மணலை மாற்றவும், மதியம் தண்ணீர் இறைத்துப் பிள்ளைகளின் கையில் ஊற்றவும் கமலாபதியை நியமித்தார்.

அன்று வரிசையில் கடைசிப் பிள்ளைக்கும் பின்னால், கையை நீட்டிக்கொண்டு ராஜா நின்றார். அவர் ஒரே இடத்தில் நின்றதை அன்றுதான் ஊர் பார்த்தது.