மரமுட்டைக்கு இருபது நாள்

"வாத்தியாரம்மா, எனக்கு முடியல" என்றார் தேசிங்கு.

சகாயமேரி தலை நிமிரவில்லை. ஒரு வெள்ளைச் சட்டையின் காலர்மீது இஸ்திரிப் பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாண்ணே முடியல?"

"பதினெட்டுக் கூண்டு. தினமும் சுரண்டிக் கழுவணும், தண்ணி மாத்தணும், கம்பு போடணும். முட்டி ரெண்டும் போச்சு. இவ்வளவு செஞ்சும் வானத்துல பாக்க ஒண்ணும் இல்ல."

தேசிங்குக்கு அறுபத்திரண்டு வயது. லாரி ஓட்டி ஓய்ந்தவர். சகாயமேரிக்கு நாற்பது. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தாள். அத்தனை சின்னவளை அவர் வாத்தியாரம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டுத் தெருவில் சிரிப்பார்கள்.

சிரிப்பவர்களும் மாலையில் அவள் வீட்டுக்கு மேலேதான் பார்ப்பார்கள். அவள் வளர்த்தவை கர்ணப் புறாக்கள். உயரப் போய், பறந்துகொண்டிருக்கும்போதே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு, பந்துபோல் சுருண்டு இறங்கி, மறுபடி சிறகு விரிப்பவை.

தேசிங்கு வளர்த்தவையும் கர்ணப் புறாக்கள்தான்.

"உங்களுக்கு மேல பறக்கிறது எத்தனை?" என்று கேட்டாள்.

"நாலு. இந்த வருஷத்துக் குஞ்சு."

"கர்ணம் போடுதா?"

"ஒண்ணு பாதி போட்டுச்சு. அப்புறம், நாம எதுக்கு இங்க வந்தோம்னு யோசிக்கிற மாதிரி கைப்பிடிச் சுவத்துல வந்து உக்காந்துக்கிச்சு."

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"புள்ளி எங்க?"

"உள்ள. போன ஆடியிலேர்ந்து."

புள்ளி என்பது ஒரு பெட்டைப் புறா. மூன்று மாதம்தான் பறந்தது. ஒருநாள் மூன்று மாடி உயரத்துக்குச் சுருண்டு இறங்கியது. அன்று மாலையே தேசிங்கு அதைப் பிடித்து, ஜோடிக் கூண்டில் போட்டுவிட்டார். அந்த நாலு குஞ்சுகளும் அதனுடையவை.

"ஏன் புடிச்சீங்க?"

அவர் வானத்தைக் காட்டினார். "வல்லூறு."

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவரிடம் செவலை என்று ஒரு புறா இருந்தது. அது கர்ணம் போட்டுச் சுருண்டு வந்தபோது வல்லூறு பாதியிலேயே எடுத்துக்கொண்டு போனது. தெருவே பார்த்தது. ஒரு சிவப்பு இறகு மட்டும் மொட்டைமாடியில் வந்து விழுந்தது. அதன் பிறகு செவலை வம்சத்தில் பார்வையாய் எந்தக் குஞ்சு வந்தாலும் தேசிங்கு அதைக் கூண்டில் போட்டார். கழித்ததை மட்டும் பறக்கவிட்டார். அந்தக் கழிசலில் ஒன்றாகத்தான் புள்ளியும் மேலே போனது.

"செவலை வம்சத்துல கர்ணம் போட்டது இப்ப அது ஒண்ணுதான்" என்றார். "விட்டா வல்லூறு எடுத்துடும். விடலைன்னா அதோட வேலை யாருக்கும் தெரியாமலே போயிடும். விடணுமா, வெச்சுக்கணுமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

அவள் துணிக் குவியலைக் காட்டினாள். "இது முடியட்டும்."

நாற்பத்தொரு துணி. அவர் ஒரு செங்கல்லின் மேல் உட்கார்ந்து காத்திருந்தார்.

கடைசிச் சேலையை மடித்துவைத்துவிட்டு, பெட்டியிலிருந்த கரியைக் கொட்டித் தண்ணீர் தெளித்தாள். பிறகு அவர் வீட்டு மாடிப்படி ஏறினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றாள்.

"காலையிலேர்ந்து நின்ன காலு. கல்லு மாதிரி கீது."

"என் முட்டிய விடவா?"

"போட்டி வேணாம்ணே. ஏறுங்க."

மொட்டைமாடியில் கூண்டுகள் வரிசையாக இருந்தன. முதல் கூண்டில் ஒரு கறுப்பு ஆண். கழுத்துப் பருத்து, பளபளவென்று இருந்தது.

"இது எவ்வளவு நேரம் பறக்கும்?"

"இது செவலையோட மவன்."

அடுத்த கூண்டைக் காட்டினாள். "இது?"

"பேரன். ரெண்டு பக்கமும் செவலை ரத்தம்."

"நான் யாரு மவன்னு கேக்கலண்ணே."

தேசிங்கு கூண்டின் தாழ்ப்பாளைச் சரிசெய்தார்.

"பறந்ததே இல்லியா?"

"இவ்வளவு நல்லதை எப்படி வெளிய விடுறது?"

"நல்லதுன்னு யாரு சொன்னா?"

கூண்டுக்குள் அந்த ஆண் புறா தீனிக் கிண்ணத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தது.

"சரி, இப்ப விடட்டுமா இதுங்களை?" என்றார்.

"இனிமே விட்டா வீடு தெரியாது. எங்கயாவது போய் உக்காரும். மிச்சத்தைப் பூனை பாத்துக்கும். குஞ்சுலயே விட்டிருக்கணும்." சட்டையில் பட்ட சூட்டுக்கறை இனிப் போகாது என்று வாடிக்கைக்காரரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். அதட்டலே இல்லை.

"உங்ககிட்ட உள்ள எத்தனை ஜோடி?"

"மூணு. ரெண்டு வருஷம் மேல நின்னு காட்டினதுதான் ஜோடிக்கு வரும்."

"அதுக்குள்ள வல்லூறு எடுத்துட்டா?"

"எடுக்கும். போன வருஷம் நாலு போச்சு."

"நாலா!"

"நல்லதாப் பாத்து நாலு."

"அழலியா?"

"அழுதேன். மறுநாள் கல்யாண வீட்டுத் துணி வந்துச்சு. அறுபது உருப்படி."

கடைசிக் கூண்டுக்கு வந்தார்கள். புள்ளி மண்சட்டியில் உட்கார்ந்து அடைகாத்துக்கொண்டிருந்தது. அதன் ஜோடி ஆண் மூலையில் சிறகு கோதிக்கொண்டிருந்தது.

"முட்டையா?"

"மரமுட்டை. மரத்துல செஞ்ச பொய் முட்டை. இந்த ஆணோட குஞ்சு சரியில்ல. வேற ஆண் கெடைக்கிற வரைக்கும் ஓய்வா இருக்கட்டும்னு நெஜ முட்டைய எடுத்துட்டேன். மரமுட்டை மேல உக்காந்திருந்தா மறுபடி முட்டை வெக்காதில்ல?"

"மூணு மாசம் பறந்ததுதானே இது? வீட்ட மறந்திருக்காது" என்றாள்.

"அப்ப விடணுமா?"

அவள் ஒரு காலி வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். மரமுட்டை வைத்த அன்று கூண்டுக் கதவில் தேசிங்கு சாக்பீஸால் எழுதியிருந்த தேதியைப் படித்தாள். கால்களை நீட்டிக்கொண்டாள்.

"என்ன பாக்குறோம்?"

"உக்காருங்கண்ணே."

அவரும் உட்கார்ந்தார். மின்சார ரயில் ஒன்று போயிற்று. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று போயிற்று. நாலு குஞ்சுகளும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வேலை முடிந்தது என்பதுபோலக் கைப்பிடிச் சுவரில் வந்து அமர்ந்தன. வெயில் இறங்க இன்னும் நேரம் இருந்தது.

புள்ளி எழுந்தது.

அலகால் ஒரு முட்டையை உருட்டிப் பார்த்தது. மறுபடி உட்காரவில்லை. சட்டியின் விளிம்பைத் தாண்டி வந்து, கம்பி வலையை ஒட்டி நின்றது. ஆண் வந்தது. இரண்டு முட்டைகளையும் பார்த்தது. அதுவும் உட்காரவில்லை.

"இன்னிக்கு எத்தனாம் நாள்ணே?"

தேசிங்கு தேதியைப் பார்த்து விரல் மடக்கினார். "இருபது."

"பொரியாதுன்னு தெரிஞ்சுக்கப் புறாவுக்கு இருபது நாள் போதும்."

முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள். பதினெட்டுக் கூண்டுகளையும் ஒரு முறை பார்த்தாள். படியிறங்கத் தொடங்கினாள்.

"ஆறு வருஷம்" என்றார் தேசிங்கு. அவர் கணக்கை அவள் கேட்கவே இல்லை.

அவர் கூண்டுக்குள் கைவிட்டு மரமுட்டைகளை எடுத்தார். இரண்டும் இன்னும் சூடாக இருந்தன.

"வாத்தியாரம்மா!" படியைப் பார்த்துக் கத்தினார். "வல்லூறு?"

"இருக்கும்" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

தேசிங்கு முட்டைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கூண்டுக் கதவை அகலத் திறந்துவிட்டு, ஓரமாக நின்றார்.