ஏழு தோல்பை தண்ணீர்

"ஏழு தோல்பை தண்ணியோட எவளாவது சாவாளா? எவளாவது சாவாளான்னு கேக்கறேன்!"

பிரிஜிட்டா இதை மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

கேட்கப்பட்டவன் இத்ரீஸ். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். பிரிஜிட்டாவின் கல்யாண ஆல்பத்துக்கும் அவனுக்கும் ஒரே வயது. ஞாயிறு மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பின்னறையில் மூன்று பேருக்குச் சுடுமணல் என்றொரு பாலைவன தேசத்தை வாயாலேயே கட்டிக் கொடுப்பான். ஆளுக்கொரு வேஷம். வேஷத்தின் பெயர், பலம், கையிருப்பு எல்லாம் ஒரு தாளில் இருக்கும். அந்த ஆளாகவே பேச வேண்டும், பகடை விழுந்தபடி பிழைக்க வேண்டும். செத்தால் செத்ததுதான். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புது ஆளாக வர வேண்டும். இந்த ஆட்டத்தை நடத்துவதால் அவனை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். பிரிஜிட்டாவும்தான், கோபம் இல்லாத நேரங்களில்.

சற்று முன் மணல்புயல் வந்தது. மற்ற இருவரும் சுமையை உதறிவிட்டுக் குகைக்கு ஓடினார்கள். பிரிஜிட்டாவின் வேஷமான உமரி உதறவில்லை. புயல் அவளை மூடிவிட்டது.

"பதினாலு மாசம் தம்பி! கிணறு கிணறா அலைஞ்சு சேத்த தண்ணி. போட்டுட்டு ஓடுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் முத்தா உதிர்ந்துடும்?"

"சுமையோடதான் ஓடறீங்களான்னு மூணு தடவை கேட்டேன்க்கா."

கேட்டான்தான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஸ்டாப் தாண்டிடுச்சுக்கா," என்றான் சகாயம். டவுன் பஸ் கண்டக்டர். "இறங்கினவங்க அதே டிக்கெட்ல திரும்ப ஏற முடியாது."

"நீ விசிலை மட்டும் ஊது."

நர்ஸ் வேணி முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "அந்த உப்புக்காரக் கிழவர் 'தாயே, ஒரு வாய் தண்ணி குடு'ன்னு காலைப் பிடிச்சாரே. அப்பவே நாலு பை வெச்சிருந்தீங்க. முக்காட்டை இழுத்து மூடிக்கிட்டீங்க."

"நாளைக்கு வேணுமே! நாளைக்கு என்ன வரும்னு யாருக்குத் தெரியும்?"

வேணி இன்னொரு முறுக்கை எடுத்தாள்.

வீட்டில் பிரிஜிட்டாவுக்குப் பெயர் கிடையாது. 'என்ன டிபன்' என்ற கேள்விதான் அவள் பெயர். இங்கே மட்டும் உமரி. ஒட்டகம் ஓட்டுவாள், கொள்ளைக்காரர்களிடம் பேரம் பேசுவாள், நட்சத்திரம் பார்த்து வழி சொல்வாள். அவளைப் போய்க் கிழிப்பதா?

குரலை இறக்கினாள். "மாஸ்டர், ஒரே ஒரு தடவை அவளுக்கு உயிர் கொடுங்க. இல்லன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை என்னைத் தேடாதீங்க."

இத்ரீஸ் உமரியின் தாளை எடுத்தான். கிழிக்கவில்லை. மேஜை நடுவில் வைத்தான். ஒரு வெற்றுத் தாளை அவள் பக்கம் தள்ளினான்.

"புது ஆளை எழுதுங்க."

கான்வென்ட்டில் முட்டி போட்டுக் கற்ற அழகான கையெழுத்தில், பேனா முனை காகிதத்தைக் குத்த எழுதினாள். பெயர்: தும்பை. கையிருப்பு: ஒன்றுமில்லை.

"எழுதி வெச்சாத்தானே பிடுங்குவீங்க," என்றாள்.

அவன் ஆரம்பித்தான். "புயல் ஓய்ஞ்சிருக்கு. தும்பை மூணு நாளா நடக்கறா. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. எதிரே ஒரு மணல் மேடு. மேட்டுல சாய்ஞ்சு ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கா. முக்காடு போட்டிருக்கா. மடியில ஏழு தோல்பை."

பிரிஜிட்டா நிமிர்ந்தாள். "அவதான் செத்துட்டாளே."

"உங்களுக்குத் தெரியும். தும்பைக்குத் தெரியாது."

அதுவும் விதிதான். பழைய ஆள் அறிந்தது எதுவும் புது ஆளுக்குத் தெரியக் கூடாது. போன வருஷம் சகாயம் அதை மீறியபோது முதலில் கத்தியவள் அவள்தான்.

"சரி. பையை எடுத்துக்கறேன்."

"கேக்காம அடுத்தவங்க தண்ணியைத் தொட்டா கை போயிடும். சுடுமணல் வழக்கம்."

"அப்ப கேக்கறேன். நீங்க பதில் சொல்லுங்க."

"நான் சொல்ல முடியாதுக்கா. உமரி உங்க ஆளு. பதினாலு மாசத்துல அவளுக்காக நான் ஒரு வார்த்தை பேசினது இல்ல."

வேணி முறுக்கைத் தட்டில் வைத்தாள். சகாயம் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

பிரிஜிட்டா மேஜை நடுவில் கிடந்த தாளைப் பார்த்தாள். 'தண்ணீர்: தோல்பை ஏழு.' ஏழாவதை எழுதி அடியில் இரண்டு கோடு போட்ட அன்று வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைத்திருந்தாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தாயே, ஒரு வாய் தண்ணி குடு."

மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் தூக்கித் தூக்கி விழுந்தது. இத்ரீஸ் பகடையைத் தொடவில்லை.

அவள் இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள்.

"ஒரே ஒரு வாய், தாயே."