எழுத்தில்லாத காய்

அந்தக் காலத்தில் பிராணிகளுக்குப் பேச்சு மட்டுமல்ல, எழுத்தும் தெரிந்திருந்தது.

ஓர் ஐப்பசியில் வெள்ளம் வந்து, நடு ஆற்றுத் திட்டில் அணிலும் எலியும் சாரைப்பாம்பும் மாட்டிக்கொண்டன. அணிலுக்கு அங்கே புளியமரம் இருந்தது, எலிக்குப் புல்வேர் இருந்தது. பாவம், சாரைக்குத்தான் அந்த இரண்டு பேரைத் தவிர வேறு சாப்பாடே இல்லை.

சாரையின் பார்வை தன் பக்கம் திரும்புவதற்குள் அணில் முந்திக்கொண்டது. பொழுது போக ஏதாவது விளையாடலாமே என்று பேச்சுக் கொடுத்தது. புளியங்கொட்டைகளில் பல்லால் எழுத்துகளைக் கீறி, மண்ணில் கட்டம் போட்டு, சொல் கோக்கும் ஆட்டம் ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. சாரைக்கும் ஆசை வந்துவிட்டது.

"ஆட்டம் முடியற வரைக்கும் உங்க மேல கை வைக்க மாட்டேன். முடிஞ்சப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது" என்றது.

இதற்குக் கை ஏது என்று எலி முணுமுணுத்தது.

மூன்று நாள் ஆடினார்கள். சாரை மூக்கால் காயைத் தள்ளும். எலி நல்ல சொல்லாக வைத்துவிட்டால், சாரை வெகுநேரம் அதோடு முகம் கொடுத்துப் பேசாது. அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து, அணில் சில சமயம் பயத்தையே மறந்துபோனது.

மூன்றாம் நாள் நடுப்பகலில் கொட்டைகள் தீர்ந்தன. எலியிடம் ஒன்றுமில்லை. சாரையிடம் கிடந்த மூன்று காயும் எதோடும் சேரவில்லை. அணிலிடம் ஒன்றே ஒன்று. அதை வைத்தால் ஆட்டம் முடிந்தது. தண்ணீர் வடிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் ஆற்றைக் கடக்க இன்னும் அரைநாள் ஆகும்.

"உம், வை" என்றது சாரை.

அணில் காயை வாயில் போட்டுக்கொண்டு, தான் கீறிய எழுத்தைத் தானே சுரண்டி எடுத்தது. மொட்டைக் கொட்டையைச் சாரையின் முன்னால் உருட்டிவிட்டது.

"எழுத்தில்லாத காய் குப்பை. ஆட்டம் முடிஞ்சுது" என்றது சாரை.

"எழுத்து இல்லைன்னா எந்த எழுத்தா வேணும்னாலும் இருக்கலாமே, அண்ணே. நீங்களே வெச்சுக்குங்க. உங்க மூணோட சேர்த்து என்ன வரும், பாருங்க."

சாரை தலையைச் சாய்த்துப் பார்த்தது. முதலில் அதற்குத் தோன்றிய சொல் 'இரை'. அணில் அவசரமாகக் குறுக்கிட்டது.

"ரெண்டே எழுத்துதானே? இன்னும் பெரிசா வரும், யோசிங்க."

சாரை யோசித்தது. ஒன்றை வைத்தது, எடுத்தது, இன்னொன்றை வைத்தது. வெயில் சாய்ந்தது, மணல் தெரிந்தது, அவர்கள் ஓடியிருக்கலாம். ஆனால் சாரை அவ்வளவு ஆசையாக யோசித்துக்கொண்டிருக்கும்போது எழுந்துபோக அணிலுக்கு மனசு வரவில்லை. எலியும் உட்கார்ந்தே இருந்தது.

கடைசியில் சாரை நாலு காயையும் வரிசையாக வைத்தது. இளநீர். புள்ளிக் கணக்கில் எலியை முந்திவிட்டது.

ஆட்டம் முடிந்தது. அணில் கண்ணை மூடிக்கொண்டது.

"கரைப் பக்கம் போய்த் தவளை ஏதாவது கிடைக்குதான்னு பார்த்துட்டு வரேன். காயை எல்லாம் கலைச்சு வைங்க, அடுத்த ஆட்டத்துக்கு" என்றது சாரை.

அன்று முதல்தான் சொல்லாட்டப் பையில் எழுத்தே இல்லாத காய் ஒன்று கிடக்கிறது. தோற்கப்போகிறவர் கைக்கு அது வந்தால், எதிரே இருக்கும் சிநேகிதர்கள் அவசரப்படுத்தாமல் காத்திருக்கிறார்கள்.