கை தூக்காத மாணவி

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளை ஆய்வு செய்வதில் மெய்யம்மைக்கு இணையாக ஒருவரும் இல்லை என்று கல்வித் துறையில் சொல்வார்கள். அவரிடம் ஆய்வுப் பணி கற்க விரும்பிச் சேர்ந்த சவரிராயன் அவரைவிட வயதில் மூத்தவர். நெடுங்காலம் தலைமையாசிரியராக இருந்தவர். சீடர் குருவை மேடம் என்றும், குரு சீடரைச் சார் என்றும் அழைத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் இருவரும் கரிசல் காட்டின் நடுவே இருந்த ஒரு கல்லூரிக்குப் புறப்பட்டார்கள். முதுகலை முடித்தவர்களுக்கு ஆசிரியப் பயிற்சி தரும் கல்லூரி அது. அங்கே பயின்றவர்கள் எந்தப் பள்ளியிலும் நிலைக்கவில்லை. பாடம் தெரிகிறது, பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியவில்லை என்று பள்ளிகள் அவர்களைத் திருப்பி அனுப்பின. கல்லூரி நீடிக்கலாமா, மூட வேண்டுமா என்பதை அன்று மாலைக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். மூடினால், இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களின் ஓராண்டு வீணாகும்.

காரில் மெய்யம்மை சொன்னார்: "இந்தத் தடவை முடிவு உங்களோடது சார். நீங்க சொல்றதுல நான் கையெழுத்து மட்டும் போடுவேன்."

சவரிராயன் அவர் பக்கம் திரும்பினார்.

"அப்படின்னா ஒண்ணு கேக்கணும் மேடம். திருத்தக்கூடிய கல்லூரி எது, மூட வேண்டிய கல்லூரி எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

மெய்யம்மை ஓட்டுநரிடம் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார்.

வாசலில் முதல்வர் தாயுமானவன் காத்திருந்தார்.

"வாங்க மேடம். வாங்க சார். சார் போன வருஷ ஆய்வுக் குழுவுலயே வந்தவராச்சே. நீங்க சொன்ன குறை எல்லாத்தையும் சரிபண்ணிட்டோம். பாருங்க, சுவரெல்லாம் புதுப் பெயின்ட்."

"வாசனை வருது" என்றார் மெய்யம்மை.

முதல்வர் அவர்களை ஒரு மாதிரி வகுப்புக்கு அழைத்துப் போனார். அந்தக் கல்லூரியில் பயிற்சி நடக்கும் முறை இது: ஒருவர் மேடையேறிப் பாடம் நடத்துவார், சக பயிற்சி மாணவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக நடித்து பெஞ்சுகளில் அமர்வார்கள். கேள்வி விழுந்ததும் எல்லாக் கைகளும் உயரும். ஒருவரும் தவறான பதில் சொல்வதில்லை. நாளைக்கு அவர்களும் அதே மேடையில் ஏற வேண்டியவர்கள். இன்று நீ எனக்காகத் தூக்கும் கையை நாளை நான் உனக்காகத் தூக்குவேன் என்பது அவர்களுக்குள் எழுதப்படாத ஒப்பந்தம்.

அன்று மேடையில் நின்றவன் சுடலைமணி. கணிதத்தில் எம்.எஸ்சி. முடித்தவன். கரும்பலகையில் மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்ற இரண்டு பின்னங்களையும் எழுதியிருந்தான். வகுப்பின் ஓரத்தில் விரிவுரையாளர் செங்கமலம் மதிப்பெண் இட்டுக்கொண்டிருந்தார்.

"கீழே இருக்கிற எண் பெரிதானால் பின்னம் சிறிதாகும். என்ன ஆகும்?"

"சிறிதாகும்."

"அப்படியானால் இவற்றில் எது பெரியது?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. சவரிராயன் திரும்பிப் பார்த்தபோது மெய்யம்மை பக்கத்தில் இல்லை. கடைசி பெஞ்சில் இரண்டு மாணவிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்திருந்தார். அவர் கை மட்டும் உயரவில்லை.

"சார், எனக்குப் புரியல" என்றார்.

வகுப்பு திரும்பிப் பார்த்தது.

சுடலைமணி விதியைத் திரும்பச் சொன்னான். "கீழே இருக்கிற எண் பெரிதானால் பின்னம் சிறிதாகும்."

"புரியல சார். மூணை விட நாலுதானே பெருசு?"

அவன் அதையே இன்னொரு முறை, சற்று உரக்கச் சொன்னான். மெய்யம்மை உதட்டைப் பிதுக்கினார். அவன் செங்கமலத்தைப் பார்த்தான். செங்கமலம் எழுந்து வந்து சாக்பீஸை வாங்கி, நான்கின் கீழ் அழுத்தமாக ஒரு கோடு போட்டார். "கீழே இருக்கிற எண் பெரிதானால் பின்னம் சிறிதாகும்." குரல் பக்கத்து வகுப்பு வரை கேட்டது.

"புரியல டீச்சர்."

செங்கமலம் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் சிரித்தார்.

"மேடம் நம்மளோட விளையாடுறாங்க."

"ஆறாம் வகுப்புல மேடம் யாரும் இல்லையே சார்" என்றார் மெய்யம்மை. "சொல்லிக் குடுங்க."

முதல்வர் கரும்பலகை அருகே போனார். விதியை அவரும் சொன்னார். அவர் குரல் மற்ற இருவர் குரலையும்விடப் பெரியது.

"புரியல."

முன்வரிசையில் யாரோ மெல்ல, "நம்ம கல்லூரி போச்சுடா" என்றார்கள்.

சுடலைமணி மேடையை விட்டு இறங்கினான். பெஞ்சுகளுக்கு இடையே நடந்து வந்து, மெய்யம்மையின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"நாலுல ஒண்ணுதான் பெருசுன்னு ஏன் தோணுது?"

"நாலு பெருசுதானே சார்."

"நாலு பெருசுதான்." அவன் தலையை ஆட்டினான். "சரி, ஒரே ஒரு பரோட்டா இருக்கு. உன்னோட சேத்து மூணு பேரு. பிச்சு சமமா எடுத்துக்கிறீங்க. அப்போ இன்னொருத்தன் வந்து உக்காருறான். உனக்குச் சந்தோஷமா?"

"எதுக்கு சந்தோஷம்? என் பங்கு குறையுமே."

"ஆளு கூடியிருக்கே?"

மெய்யம்மை கரும்பலகையைப் பார்த்தார். மூன்றையும் நான்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ பத்துப் பேரு வந்தா?"

"வாசனை மட்டும்தான்."

வகுப்பு சிரித்தது. அப்போதுதான் சுடலைமணிக்குத் தான் யாரை 'நீ' என்று அழைத்தோம் என்பது உறைத்தது. சட்டென்று எழுந்து நின்றான்.

"மன்னிச்சிருங்க மேடம். அவன் கிராமத்துப் பையன்" என்றார் முதல்வர்.

"பாடமும் முடியல மேடம்" என்றார் செங்கமலம். "மதிப்பீட்டுக் கட்டத்துக்கே வரல. அதுக்குள்ள நேரம் ஆயிருச்சு."

மெய்யம்மை எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். சுடலைமணியிடம், "இப்பப் புரியுது சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

வேப்ப மரத்தடியில் கார் நின்றிருந்தது. சவரிராயன் அங்கேயே நின்றுவிட்டார். அவர் குரலில் தயக்கம் இல்லை.

"முடிவு பண்ணிட்டேன் மேடம். மூடிரலாம்."

"சொல்லுங்க."

"புரியலன்னு ஒரு பிள்ளை சொன்னா என்ன செய்யணும்னு இங்க யாருக்கும் தெரியல. முதல்வர் வரைக்கும் தெரியல."

"ஒருத்தனுக்குத் தெரிஞ்சுதே."

"அது அவன் சொந்தச் சரக்கு. இந்தக் கல்லூரி குடுத்ததில்ல. சொல்லப்போனா அதுக்காக அந்தம்மா அவனுக்கு மார்க்கைக் குறைச்சிருப்பாங்க."

"குறைச்சிருப்பாங்க" என்று மெய்யம்மை ஒப்புக்கொண்டார். "சரியாத்தான் பாத்திருக்கீங்க. போன வருஷம் வந்தப்போ இவங்களுக்கு என்ன சொல்லிட்டுப் போனீங்க?"

"குறைகளை உடனே களையணும்னு."

"களைஞ்சாங்களா?"

"பெயின்ட் அடிச்சிருக்காங்க."

"அதுக்கு முந்தின வருஷக் குழு என்ன சொல்லுச்சு?"

"கிட்டத்தட்ட அதேதான். குறைகளைக் களையணும்னு."

"போன வருஷம் 'உடனே' சேந்திருக்கு. இந்த வருஷம்?"

"இந்த வருஷம் மூடிரலாம்னு சொல்றேன்."

"சத்தம் கூடிக்கிட்டே வருது" என்றார் மெய்யம்மை.

சவரிராயன் கல்லூரிக் கட்டடத்தைப் பார்த்தார். மாதிரி வகுப்பு மறுபடியும் தொடங்கியிருந்தது. வேறொருவர் பாடம் நடத்தும் குரலும், பிள்ளைகளாக நடித்தவர்கள் ஒரே குரலில் பதில் சொல்வதும் கேட்டன.

"களையுங்கன்னு சொன்னோமே தவிர," அவர் மெதுவாகச் சொன்னார், "அவங்களுக்கு எது புரியலன்னு நான் கேக்கவே இல்ல."

மெய்யம்மை கார் கதவைத் திறந்து, உள்ளிருந்த சவரிராயனின் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"ஊருக்குள்ள தங்க இடம் இருக்கும். நாளைக்கு முதல் வகுப்பு ஒன்பதரைக்குன்னு நினைக்கிறேன். கடைசி பெஞ்சுல இடம் காலியா இருக்கும்."

"சாயங்காலத்துக்குள்ள அரசுக்குப் பதில் சொல்லணுமே மேடம்?"

"ஒரு பருவம் அவகாசம் வேணும்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

"கல்லூரிக்கா?"

"நமக்கு."