வலையில் விழுந்த பண்டிதரும் ஓங்கிலின் குலமும்

வெகு காலத்துக்கு முன்னால், மலையிலிருந்து இறங்கிச் சேறும் மணலுமாகக் கலங்கி ஓடும், ஓங்கில் என்னும் டால்பின்கள் வாழும் ஒரு பேராற்றின் கரையில் சந்தனபுரி என்றொரு பட்டணம் இருந்தது. அதை வச்சிரகேது என்ற ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் காலையில் மனசில் தோன்றியது மாலைக்குள் சட்டமாகிவிடும். கிளிகளெல்லாம் வடக்குப் பார்த்து உட்கார வேண்டும் என்று ஒருமுறை உத்தரவு போட்டான். கிளிகள் கேட்கவில்லை. கோபித்துக்கொண்டு பட்டினி கிடந்தான்.

அவனுடைய மந்திரி கோமளை. பேருக்குத்தான் கோமளை, பேச்சு கருங்கல். ஆஸ்தான பண்டிதர் கும்பேசருக்கு அவளைக் கண்டாலே வயிறெரியும். தான் உட்கார வேண்டிய ஆசனத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாளே என்ற வருத்தம்.

ராஜாவின் பிறந்தநாள் நெருங்கியது. பண்டிதர் எழுந்தார்.

"மகாராஜா! நம் ஆற்றில் ஓங்கில்கள் கொழுத்துத் திரிகின்றன. அந்தக் கொழுப்பை உருக்கி விளக்கேற்றினால் கோட்டையே முத்துப்போல ஜொலிக்கும். அண்டை நாட்டு ராஜாக்கள் கண்கூசிப் போவார்கள்!"

"போடுங்கள் வலையை!" என்றான் ராஜா.

"கூடாது" என்றாள் கோமளை. "குட்டிக்குப் பால் கொடுக்கும் தாயைக் கொல்லக் கூடாதென்று உங்கள் பாட்டனார் போட்ட சட்டம் இருக்கிறது. இது ஓங்கில்கள் குட்டியோடு திரியும் காலம்."

"அந்தச் சட்டம் விலங்குக்கு, அம்மணி! இது மீன். மீன் எங்கே பால் கொடுத்தது?" என்றார் பண்டிதர். சபை கொல்லென்று சிரித்தது.

கோமளை சிரிக்கவில்லை. போன கோடையில் ஆறு வற்றியபோது மணல்திட்டில் ஓர் ஓங்கில் ஒதுங்கிவிட்டது. படகுக்காரர்களோடு சேர்ந்து அதை ஆழத்துக்குத் தள்ளிவிட்டவர்களில் அவளும் ஒருத்தி. தொட்டபோது உடம்பு கதகதவென்று இருந்தது. அடிவயிற்றில் பால் கசிந்தது. குட்டி பக்கத்திலேயே முட்டி மோதிக்கொண்டிருந்தது. அந்தச் சூடு இன்னும் அவள் உள்ளங்கையில் இருந்தது.

"மந்திரி, ஆணையில் முத்திரை வை" என்றான் ராஜா.

"மாட்டேன்."

"பதவி போகும். தலையும் போகும்."

"என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள், மகாராஜா. பொய்க்கு என் கையால் முத்திரை விழாது."

பண்டிதருக்கு உள்ளுக்குள் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

கோமளை அவர் பக்கம் திரும்பினாள். "மீன் என்றால் என்னவென்று நீங்கள் சொல்லுங்கள், பண்டிதரே. அதையே பறையறைந்து அறிவிக்கட்டும். நாளைக் காலையில் முதலில் அகப்படும் மீன் சபைக்கு வரட்டும். அதை மீன் என்று உங்கள் வாயால் சொல்லிவிட்டால் முத்திரை வைக்கிறேன். இல்லாவிட்டால் ஆணை செல்லாது."

"ஆகட்டும்" என்றான் ராஜா.

பண்டிதர் தொண்டையைச் செருமினார். "ஆற்றில் நீந்துவது எதுவோ அது மீன். மீன் எதுவோ அது வலைக்கு!"

"மூச்சு, ரத்தம், பால், இப்படி வேறு அடையாளம் எதுவும் பார்க்க வேண்டாமா?"

"வேண்டவே வேண்டாம்! எங்கே இருக்கிறதோ அதுதான் அதன் குலம்!"

மறுநாள் விடிந்ததும் வலைஞர் தலைவன் சடையன் படித்துறையில் கோமளையின் பக்கத்தில் தயங்கி நின்றான். ஆற்றில் பண்டிதர் வழக்கம்போலத் தொந்தி மிதக்க நீந்திக்கொண்டிருந்தார்.

"அவரு மேலயாம்மா வலை வீசச் சொல்றீங்க?"

"பறையில் என்ன சொன்னார்கள்? அவர் நீந்துகிறாரா இல்லையா?"

"நல்லாவே நீந்துறாருங்க."

"பிறகென்ன? தண்டனை வந்தால் எனக்கு. வீசு!"

சற்று நேரத்தில் சபை நடுவே சொட்டச் சொட்ட ஒரு வலைமூட்டை வந்து இறங்கியது. உள்ளே கும்பேசர்.

"என்ன இது?" என்று ராஜா சீறினான்.

"முதல் மீன், மகாராஜா. கொஞ்சம் வயசான மீன். ஆனால் கொழுப்புக்குக் குறைவில்லை" என்றாள் கோமளை.

"நானா மீன்?" என்று பண்டிதர் அலறினார். "வலையோடு முங்கி மூச்சுமுட்டிச் சாகப் பார்த்தேன்!"

"மீனுக்குத் தண்ணீரில் மூச்சு முட்டுமா?"

"முட்டாது! நான் காற்றை இழுத்து உயிர் வாழ்கிறவன். தொட்டுப் பாருங்கள், உடம்பில் சூடிருக்கிறது! என்னைப் பெற்றவள் முட்டையா இட்டாள்? பால் கொடுத்து வளர்த்தாள்!"

சொன்ன பிறகுதான் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

"கேட்டீர்களா, மகாராஜா? ஓங்கிலும் மேலே வந்து சூவென்று காற்றை ஊதி இழுக்கிறது. அதற்கும் சூடான ரத்தம். அதுவும் குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. இவர் மீன் என்றால் கொழுப்பை உருக்கக் கொப்பரை தயார். இவர் மீன் இல்லையென்றால் ஓங்கிலும் மீன் இல்லை. எது வேண்டுமோ சொல்லுங்கள்."

ராஜா வலைக்குள் எட்டிப் பார்த்தான். பண்டிதரோ விடுவதாயில்லை. வலைக்குள்ளிருந்தே விரலை நீட்டினார்.

"விலங்காகவே இருக்கட்டும்! நம் ஆற்றில் நீள மூக்கு ஓங்கில் இருக்கிறது. கடலிலிருந்து ஏறிவரும் மொட்டை மூக்கு ஓங்கிலும் இருக்கிறது. ஒரே ஆற்றில் இருக்கிற இரண்டும் ஒரே குடும்பம்தானே? அந்த மட்டில் நான் சொன்னது சரிதானே?"

"நீங்களும் நானும் ஒரே சபையில் எத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறோம், பண்டிதரே? நாம் ஒரே குடும்பமா?"

"உங்களோடா? தெய்வமே, கனவிலும் வேண்டாம்!"

"அதேதான். ஆறு அவை குடியிருக்கும் இடம். குடும்பம் எதுவென்று எலும்பையும் பல்லையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். முகவரியைப் பார்த்து அல்ல."

ராஜா வாய்விட்டுச் சிரித்தான். சபையும் சேர்ந்து சிரித்தது. "பண்டிதரை அவிழ்த்துவிடுங்கள். துறைதுறையாகப் போய், ஓங்கில் மீன் அல்ல என்று அவரே பறையடித்துச் சொல்லட்டும்" என்றான். பிறகு தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். "இந்தா, மந்திரி."

கோமளை கையை நீட்டவில்லை.

"மாலை வேண்டாம், மகாராஜா. நேற்று வலையைப் போடச் சொன்னது பண்டிதர் மட்டுமல்ல."

சிரிப்பு சட்டென்று நின்றது. ராஜாவின் முகம் சிவந்தது. வாசலில் நின்ற காவலன் வேலை இறுக்கிப் பிடித்தான். கோமளை நிமிர்ந்தபடியே நின்றாள்.

வச்சிரகேது சிங்காசனத்திலிருந்து மெல்ல எழுந்தான். "நேற்று நான் சொன்னது தப்பு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

ராஜா ஒருவன் அப்படிச் சொல்லி அந்தச் சபை கேட்டதில்லை. எங்கே பார்ப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. கோமளை ஒருத்திதான் தலைகுனிந்து அவனை வணங்கினாள்.