கொம்பையா வீட்டு இரண்டாவது கிளிப்

வீட்டில் கொசுவலை மாட்டினாலும் ரிப்பன் வெட்டுகிற ஆள் கவுன்சிலர் கொம்பையா. மாடியில் சோலார் போட்டால் சும்மா இருப்பாரா? பந்தல் போட்டு, மின்வாரிய இன்ஜினியரைக் கூப்பிட்டு நடுநாயகமாக உட்காரவைத்துவிட்டார்.

சோலார் கம்பெனி ஜெபகனி, இன்வெர்ட்டருக்கு சென்சார் மாட்ட வந்திருந்தாள். கம்பியைக் கிளிப் மாதிரிக் கவ்விக்கொண்டு, அதில் ஓடுகிற கரண்டை அளந்து செல்போனில் காட்டுகிற சாமான் அது.

"ஏம்மா, என் வீட்டுக்குள்ள வர்ற கரண்டு ஒரு பொட்டு விடாம கணக்குல வரணும். தப்புச்சுன்னா இந்த ஊர்ல நீ வேலை பாக்க முடியாது" என்று பந்தலே அதிரச் சொன்னார் கொம்பையா.

ஜெபகனி வீட்டை ஒரு சுற்று சுற்றிவந்தாள். "அப்போ இன்னொரு கிளிப் வேணும் அண்ணாச்சி."

"பாத்தீங்களா சார், கொள்ளையை! தெரு பூரா வீட்டுக்கு ஒண்ணுதானே மாட்டுன? எனக்கு மட்டும் எதுக்கு ரெண்டு?"

"அவங்களுக்கெல்லாம் ஒரு கம்பிதான் வருது அண்ணாச்சி. உங்களுக்கு மீட்டர் வழியா ஒண்ணு, போஸ்ட்டுல இருந்து முருங்கை மரத்துக்குள்ள பூந்து நேரா ஒண்ணு. இதுல எதைக் கணக்குல சேக்காம விடட்டும்?"

இன்ஜினியர் பாதி கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தார்.

"எந்த முருங்கைம்மா?"