கடைக்கு ஒரு அடி

மதுரைப் பாத்திரக் கடைத்தெரு முனை வந்ததும் சீடருக்குக் கால் எழவில்லை. அறுபது வயது ஆள். குரு அவரைவிடப் பத்து வயது இளையவர்; திரும்பிக்கூடப் பார்க்காமல் தெருவுக்குள் நடந்தார்.

அன்று காலையில்தான் சீடர் வாய் திறந்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். துறவுக்கு முன்னால் அவர் இதே தெருவில் வெண்கலப் பாத்திர வியாபாரி, சொர்ணலிங்கம். ஒருநாள் ஒரு செம்பைக் காணோம். பாத்திரம் காணாமல் போனால் எந்தக் கடைக்காரனும் முதலில் அடுக்குக்குள்தான் கைவிட்டுத் துழாவுவான். ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்ந்துகொள்ளும் சாமானாயிற்றே! இந்தப் பாவி துழாவவில்லை. கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த கூலியாள் வீரணனைக் காட்டி, "திருடன்! திருடன்!" என்று கத்திவிட்டார்.

திருடன் அகப்பட்டால் கடைக்கு ஒரு அடி; அது அந்தத் தெருவின் வழக்கம். கடையோ நாற்பது. கல்தூணில் கட்டிவைத்து அடித்தார்கள். "நான் எடுக்கலைய்யா, எடுக்கலைய்யா" என்று அலறினான். எவன் கேட்டான்? முப்பது கடை முடிவதற்குள் உயிர் போய்விட்டது.

சாயங்காலம் சாமான் எடுத்து வைக்கும்போது அண்டாவுக்குள் கிடந்தது அந்தச் செம்பு. சொர்ணலிங்கம் மூச்சு விடவில்லை. ஒரே வாரத்தில் காவி கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட்டார்.

"பன்னிரண்டு வருஷம் தவம் இருந்தும் மனசு அடங்கவில்லையே சாமி. இன்னும் என்னதான் செய்யணும்?" என்று அழுதார்.

"எழுந்திரும். நடப்போம்" என்றார் குரு.

குருவின் பின்னால் தெருவுக்குள் போனபோது, தாடிக்கும் காவிக்கும் உள்ளே இருந்த சொர்ணலிங்கத்தை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு அடித்த கைகளெல்லாம் இன்றைக்குக் கும்பிட்டன.

கல்தூணுக்குப் பக்கத்தில் ஒரு கிழவி பாத்திரம் தேய்க்கும் தேங்காய் நாரைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். வீரணனைப் பெற்றவள், இருளாயி. திருடன் ஆத்தாளிடம் யார் வாங்குவார்கள்? நார் காலையில் வைத்தபடியே கிடந்தது. அவள் எழுந்து வந்து, வயதில் மூத்தவர்தான் பெரிய சாமி என்று நினைத்துச் சீடரின் காலில் விழுந்தாள்.

"சாமி, எம் மகன் கை சுத்தமான கை. ஞானக்கண்ணால பாத்து இந்தத் தெருவுல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அவன் மகள ரெண்டு எடத்துல பேசி முடிச்சோம். திருடன் மகள்னு தெரிஞ்சதும் நிச்சயத் தட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டாக."

கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஈசன் அறிவான் தாயே" என்றார் சீடர்.

"ஈசனுக்குத் தெரிஞ்சு நான் என்ன செய்ய? இந்தத் தெருவுக்குல்ல தெரியணும்!"

சீடர் குருவின் காதருகே குனிந்தார். "சொன்னால் இதே தூணில் என்னையும் கட்டுவார்கள் சாமி."

"கட்டுவார்கள்."

"அதற்குத் தைரியம் இன்னும் வரவில்லை. இன்னும் கொஞ்ச காலம் தவம் இருந்துவிட்டு வந்து சொல்லிவிடுகிறேனே."

குரு புழுதியில், அந்த நாருக்குப் பக்கத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"'திருடன்' என்று கத்தினீரே, அதற்கு எத்தனை வருஷம் தவம் இருந்தீர்?"